அந்த மெழுகுக் கட்டிகளைத் தூக்கி எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஒரு சிறிய அறிவிப்பு வந்திருந்தது. குடலில் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்களுக்கும், மூளை நரம்புகள் தேய்ந்துபோகும் நோய்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய ஒரு பணியிடம். மூன்று வருடம், தற்காலிகம். இரண்டு நாள் கழித்து வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார்: எலியின் குடலை அறுத்துப் பார்த்து மனிதனின் நடுக்கத்துக்கு மருந்து தேடுவதா, ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாத ஊரில் இதற்கெல்லாமா வரிப்பணம்?

கட்டில் இல்லை என்பது உண்மை. 34 வருடம் அரசு மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தவள், நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் எலியின் குடலைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. இரண்டு இரவு தூக்கம் வராமல் புரண்ட பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் டாக்டர் இல்லை. 1984 முதல் 2018 வரை பேத்தாலஜி பிரிவில் லேப் டெக்னீஷியன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபார்மலின் பாட்டிலில் வரும் சதைத் துண்டை, நீர் நீக்கி, உருகிய மெழுகில் பதித்துக் கட்டியாக்குவோம். அதற்கு பிளாக் என்று பெயர். அதை மைக்ரோடோமில் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய இழையாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி, சாயம் ஏற்றி, டாக்டரின் மேசையில் வைக்க வேண்டும். சுருக்கம் விழாமல் ஏந்துவதற்கு மட்டும் எனக்கு ஒரு வருடப் பழக்கம் தேவைப்பட்டது.

குடல் என்றால் சோறு போகும் குழாய் என்றுதான் வேலைக்குச் சேரும்வரை நானும் நினைத்திருந்தேன். லென்ஸுக்குக் கீழே அது வேறு ஊர். உள்புறம் வெல்வெட் துணியைப் போல விரல் விரலாக நிற்கும். அந்த விரல்களுக்குள்ளும் அடியிலும் ஊதாப் புள்ளிகள் நெருக்கி அடித்துக் கிடக்கும். அத்தனையும் நோயெதிர்ப்புச் செல்கள். அவற்றில் பிளாஸ்மா செல் என்று ஒரு வகை. அதன் உட்கரு கடிகார முகத்தைப் போல இருக்கும் என்று எனக்கு முதலில் காட்டிக் கொடுத்த பேராசிரியை இன்று இல்லை. இன்னும் கீழே போனால் இரண்டு தசை அடுக்குகள். அவற்றின் நடுவே நரம்புச் செல்கள் கூடு கூடாக உட்கார்ந்திருக்கும், அந்தக் கூடுகளை ஒட்டிக் குப்பை பொறுக்கும் மேக்ரோபேஜ் செல்கள் இருக்கும். உணவும் புழுவும் கிருமியும் உள்ளே வரும் வாசல் குடல்தான் என்பதால், உடம்பின் நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு பெரிய கூட்டம் அங்கேயே குடியிருக்கிறது. குடல் சுவரில் நரம்புச் செல்கள் மட்டும் பத்துக் கோடிக்கு மேல். இவ்வளவு காவல்காரர்களும் இவ்வளவு நரம்பும் ஒரே சுவருக்குள் தோளோடு தோள் உரசிக் கிடக்கும்போது, ஒருவருடைய சண்டை அடுத்தவரைப் பாதிக்காமல் போகுமா?

அந்த நரம்புகளுக்கு மூளையோடு நேரடித் தொடர்பும் உண்டு. வேகஸ் நரம்பு. 80களில் வேலைக்கு வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்போது குடல் புண்ணுக்கு இன்று போல மாத்திரை கிடையாது. வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்க வேகஸ் நரம்பையே அறுப்பார்கள். அறுத்தது நரம்புதானா, வேறு நாரா என்று உறுதி செய்யச் சின்ன பாட்டிலில் ஒரு வெள்ளை நூல் துண்டு எங்களிடம் வரும். எத்தனையோ நூல் துண்டுகளை நான் சீவியிருக்கிறேன். டென்மார்க்கில் 1977 முதல் 1995 வரை அப்படி அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேட்டை எடுத்து, அவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தார்கள். நரம்பின் தண்டையே முழுதாக அறுத்துக்கொண்டவர்களுக்குப் பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய் குறைவாக வந்திருக்கிறது. கிளையை மட்டும் அறுத்துக்கொண்டவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. 2015இல் வந்த ஆய்வு இது. எங்கள் ஊர் நூல் துண்டுகளுக்குச் சொந்தக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று இதுவரை யாரும் என்னிடம் வந்து கேட்டதில்லை.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் உரிமை அங்கேயிருந்துதான் வருகிறது.

அவர் தையல்காரர். சட்டைக் காலருக்குப் பேர்போன கை. 2001 வாக்கில் மலச்சிக்கல் ஆரம்பித்தது. கடுக்காய்ப் பொடி, விளக்கெண்ணெய், இரவில் கொய்யாப்பழம் என்று வீட்டில் ஒரு வைத்தியம் பாக்கியில்லை. நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்தே இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று நானும் சொன்னேன். 2006இல் அடுப்பில் பால் தீய்ந்து வீடு முழுக்கப் புகை, அவர் பக்கத்து அறையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "வாசம் வரலையா?" என்றேன். "என்ன வாசம்?" என்று கேட்டார். அடுத்த இரண்டு வருடத்தில் தூக்கத்தில் யாரையோ எட்டி உதைக்க ஆரம்பித்தார். ஒருமுறை அந்த உதை என் மேலேயே விழுந்தது. மூன்றையும் மூன்று தனித்தனிச் சங்கடமாக நினைத்தோம். மலச்சிக்கலுக்கு ஒரு டாக்டர், மூக்குக்கு ஒரு டாக்டர். தூக்கத்துக்கு யாரிடமும் போகவில்லை.

2012இல் ஒரு நாள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டார். "இந்தா, கண்ணு நல்லாத்தான் தெரியுது. விரலுதான் எனக்குத் தெரியாம ஏதோ பண்ணுது." அடுத்த வருடம் நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்று சொன்னார், நம் பக்கத்தில் நடுக்குவாதம் என்பார்களே, அதேதான். கை நடுங்கத் தொடங்கும்போதே மூளையில் உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் சுரக்கும் செல்களில் பெரும்பங்கு அழிந்திருக்கும் என்று அவர் சொன்னபோது எனக்கு அந்தப் பால் சட்டிதான் ஞாபகம் வந்தது.

மலச்சிக்கல் உள்ள எல்லோருக்கும் இந்த நோய் வரும் என்று யாரும் பயந்துவிடக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு அது வெறும் மலச்சிக்கல்தான். ஆனால் மலச்சிக்கல், வாசனை தெரியாமை, கனவில் கை கால் வீசுவது ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் நரம்பு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். எங்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லை. இந்த நோயைப் பற்றி 1817இல் லண்டனில் முதன்முதலாக விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனே நோயாளிகளின் மலச்சிக்கலைக் குறித்து வைத்திருக்கிறார். இருந்தும் நடுக்கம் மூளையின் நோய், மலச்சிக்கல் அதன் கூடவே வரும் தொல்லை என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 2003இல் ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் அந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டார். ஆல்பா-சைனூக்ளின் என்ற புரதம் முறுக்கிக்கொண்டு நரம்புச் செல்லுக்குள் கட்டியாகப் படிவதுதான் இந்த நோயின் அடையாளம். அது குடல் நரம்பில் தொடங்கி வேகஸ் வழியாக மூளைக்கு ஏறியிருக்கலாம் என்றார் அவர். எல்லோருக்கும் அப்படி இல்லை, சிலருக்கு மூளையிலேயே தொடங்குகிறது என்று டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகர ஆய்வாளர்கள் இப்போது பிரித்துப் பார்க்கிறார்கள். என் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

அதற்கு ஒரு தடயமாக இருந்திருக்கக்கூடிய பொருள் ஒன்று என் கையிலேயே இருந்தது.

1996இல் அவருக்குக் குடல்வால் வீங்கி, நான் வேலை பார்த்த இடத்திலேயே ஆபரேஷன் நடந்தது. எடுத்த குடல்வால் எங்கள் பிரிவுக்கு வந்தது. சுண்டுவிரல் நீளம். என் கையாலேயே மெழுகில் பதித்தேன். குடல்வால் முழுக்க நோயெதிர்ப்புச் செல்கள்தான், முடிச்சு முடிச்சாக இருக்கும், நரம்புக் கூடுகளும் உண்டு. பரிசோதனை முடிந்து பிளாக் அலமாரிக்குப் போனது.

2009இல் பிரிவு புதிய கட்டடத்துக்கு மாறியது. பழைய மர அலமாரிகள் கரையான் பிடித்தவை. சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மெழுகு இளகி, நம்பர் சீட்டுகள் கழன்றிருந்தன. பழைய வருடங்களைக் கழித்துவிடலாம் என்று முடிவானது. சாக்கு சாக்காகக் கட்டினோம். கழிவுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. ஏன் வைத்திருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் ஒரு காரணம் தெரியாது. இது ஒரு மருத்துவமனையின் குற்றம் இல்லை. வேறு மாவட்டங்களில் வேலை பார்த்த என் தோழிகளும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

2022இல் என் தங்கை மகள் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. டென்மார்க்கில் பார்க்கின்சன் நோயாளிகளின் பழைய பயாப்சி பிளாக்குகளை, அதாவது நோய் வருவதற்குப் பல வருடம் முன்பு வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்து அலமாரியில் கிடந்தவற்றை, மறுபடி சீவிச் சாயம் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். நோய் கண்டுபிடிப்பதற்கு 20 வருடம் முன்பு வரை எடுத்த குடல் துண்டுகளிலேயே அந்த முறுக்கிய புரதம் தெரிந்திருக்கிறது. 2016இல் வெளியானது. 2018இல் ஸ்வீடனின் பதிவேடுகளைப் பார்த்த ஆய்வு ஒன்று, குடல்வால் எடுக்கப்பட்டவர்களுக்குப் பார்க்கின்சன் 19 சதவீதம் குறைவு என்றது. வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரருக்குக் குடல்வால் எடுத்த பிறகும் நோய் வந்தது. அதனால் யாரும் குடல்வாலை எடுக்க ஓட வேண்டாம். ஆனால் நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களின் குடல்வாலிலும் அந்தப் புரதக் கட்டிகள் இருந்தன என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அப்படியானால் புரதம் மட்டும் போதாது. அது கிளம்பி மேலே ஏறுவதற்கு வேறு ஏதோ நடக்க வேண்டும்.

அந்த "வேறு ஏதோ"வைத்தான் இப்போது குடலின் நோயெதிர்ப்புச் செல்களில் தேடுகிறார்கள். வாசகர் கேட்ட எலிக்கு இங்கேதான் வேலை.

2016இல் கலிபோர்னியாவில், ஆல்பா-சைனூக்ளின் அதிகம் சுரக்கும்படி வளர்த்த எலிகளைக் குடலில் ஒரு கிருமிகூட இல்லாமல் வைத்துப் பார்த்தார்கள். நோய் லேசாகவே வந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கிருமிகளைக் குடலில் விட்டதும் மோசமானது. 2019இல் கனடாவின் மான்ட்ரியலில், பிங்க்1 என்ற மரபணு இல்லாத எலிகளுக்குச் சிறு வயதில் ஒரு வயிற்றுக் கிருமித் தொற்றைக் கொடுத்தார்கள். தொற்று ஆறிவிட்டது. மாதங்கள் கழித்து அந்த எலிகளின் நடை தடுமாறியது. லெவோடோபா கொடுத்ததும் சரியானது. என் வீட்டுக்காரர் தினம் நாலு வேளை விழுங்கும் அதே மருந்து. தொற்றின்போது விழித்துக்கொண்ட டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள், ஆறிய பிறகும் ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை என்பதுதான் அவர்களுடைய விளக்கம். மனிதர்களிடமும் தடயம் இருக்கிறது. நோயாளிகளின் ரத்தத்தில் உள்ள டி செல்கள் ஆல்பா-சைனூக்ளினையே எதிரியாக அடையாளம் காண்கின்றன என்று 2017இல் நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து காட்டினார்கள். நாள்பட்ட குடல் அழற்சி உள்ளவர்களுக்குப் பார்க்கின்சன் 28 சதவீதம் அதிகம், அவர்களிலேயே டி.என்.எஃப் என்ற அழற்சிப் பொருளை அடக்கும் மருந்து எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட 78 சதவீதம் குறைவு என்று 2018இல் அமெரிக்காவில் ஒரு கணக்கு வந்தது. கணக்கு கணக்குதான், அதுவே மருந்தாகிவிடாது. ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டுகிறது.

இதில் என்னை உட்கார வைத்த செய்தி 2020இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. மூளையைச் சுற்றியுள்ள உறையில் பிளாஸ்மா செல்கள் காவல் நிற்கின்றன, அவை குடலில் பயிற்சி பெற்று அங்கே போனவை என்று கண்டிருக்கிறார்கள். நான் 34 வருடம் குடலில் பார்த்த அந்தக் கடிகார முகச் செல்கள்! தங்கை மகள் அந்தப் படத்தை அனுப்பியபோது அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

இவ்வளவும் வெளிநாட்டில் நடக்கிறதே, அவர்களே கண்டுபிடிக்கட்டும், மருந்து வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்லலாம். அது சரிப்படாது. காரணம் நம் குடல். எங்கள் பிரிவில் குடல் பயாப்சி வந்தால் அதிகம் எழுதப்பட்ட வரி, "குறிப்பிட்ட காரணம் அற்ற நாள்பட்ட அழற்சி" என்பது. நோயே இல்லாதவருக்கும் நம் ஊரில் குடலில் அந்த ஊதாப் புள்ளிகள் கூடுதலாக இருக்கும். வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். தென்னிந்தியாவில் ஆரோக்கியமாக இருப்பவர்களின் சிறுகுடலிலும் அந்த வெல்வெட் விரல்கள் குட்டையாகவும் தடித்தும், செல்கள் அதிகமாகவும் இருக்கின்றன, குளிர்நாட்டுக்காரர் குடலைப் போல இல்லை என்று. சின்ன வயதிலிருந்து நம் தண்ணீரும் புழுவும் பேதியும் கண்ட குடல் இது. டென்மார்க் குடலில் "சாதாரணம்" என்று கோடு போட்டு அதை நம் மேல் வைத்துப் பார்த்தால் அளவு தப்பும். அடுத்தவர் அளவில் தைத்த சட்டை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நம் குடல் செல்களின் கணக்கை நாம்தான் இங்கே உட்கார்ந்து எடுத்தாக வேண்டும்.

எடுப்பதற்கு ஆள் வேண்டும். நீங்கள் வெளியிட்ட அறிவிப்பு அந்த ஆளுக்கானது. அந்த வேலையில் இருப்பவள் படும் பாடு எனக்குத் தெரியும். தங்கை மகள் 2022இல் வேறொரு நிறுவனத்தில் இதே மாதிரி ஒரு இடத்தில்தான் சேர்ந்தாள். சேரும்போது உதவித்தொகை 31,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் 37,000 ஆனது, இரண்டு வருடம் முடிந்தால் 42,000. கேட்க நல்ல தொகைதான். கையில் வந்தால். ஒருமுறை தொடர்ந்து நாலு மாதம் வரவில்லை. வீட்டு வாடகைக்கு நான் பென்ஷனிலிருந்து அனுப்பினேன். வரன் பார்க்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பெர்மனென்ட்டா?"

அவளுடைய வேலை நாள் எப்படி என்றால், எலியின் குடலை எடுத்த சில நிமிடத்தில் குளிர்ந்த உப்புக் கரைசலில் அலச வேண்டும். கொழுப்பை நீக்க வேண்டும், நீளவாக்கில் பிளக்க வேண்டும், குலுக்கி மேல் தோலைக் கழற்ற வேண்டும். அப்புறம் உடல் சூட்டில் நொதி ஊற்றி மீதிச் சதையைக் கரைத்து, சல்லடையில் வடித்தால் செல்கள் கிடைக்கும். நொதி கொஞ்ச நேரம் கூடினால் செல் செத்துப்போகும், குறைந்தால் செல் வெளியே வராது. பிறகு குறிப்பிட்ட வகைச் செல்லில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடிகளை, ஒளிரும் சாயம் பூட்டி ஏற்றி, ஃபுளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் ஒவ்வொரு செல்லாக எண்ண வேண்டும். விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ராத்திரி பதினொன்றுக்கு முடியும். நடுவில் நிறுத்தினால் அன்றைய எலி வீண். "அது உயிரைக் கொடுத்திருக்கு பெரியம்மா, நான் எப்படி எந்திரிச்சுப் போறது?" என்று ஒருமுறை கேட்டாள். அவளுடைய சொந்த அக்கா மகன் காதுகுத்துக்கு வரவில்லை.

செல்களைப் பிரித்தால் எண்ணலாம், ஆனால் எந்தச் செல் எந்த நரம்பின் பக்கத்தில் இருந்தது என்று தெரியாது. அதற்கு எங்கள் பழைய மெழுகு வேலைதான் வேண்டும். எலிக் குடல் முழுவதையும் சுருட்டி ஒரே பிளாக்கில் பதிக்கும் முறைக்கு சுவிஸ் ரோல் என்று பெயர். அவளுக்குச் சுருள் பிரிந்துகொண்டே இருந்தது, சீவினால் கோணலாக வந்தது. வீடியோ காலில் என் வீட்டுக்காரரின் இஞ்ச் டேப்பை எடுத்து, பல்குத்தும் குச்சியில் உள்பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டி, ஓரத்தில் நிறுத்திக் காட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "டேப்பை இறுக்காத, தளர விடு" என்று அவளுக்குச் சொன்னார். மறுவாரம் அவள் அனுப்பிய படத்தில் வாய் முதல் முடிவு வரை முழுக் குடலும் கோலச் சுழி போல ஒரே கண்ணாடியில் இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு நான் இவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறில்லை.

சந்தோஷத்தோடு கவலையும் வந்தது. முனைவர் பட்டம் வாங்கப்போகும் பெண்ணுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க அவள் இடத்தில் ஒரு நிரந்தர டெக்னீஷியன் இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புது ஆள் வந்து முதலிலிருந்து தடுமாறுகிறார். நோயோ இருபது வருடம் எடுத்துக்கொண்டு வருகிறது. எலி கிழடாகவே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். நெறிமுறைக் குழு அனுமதிக்கும், வெளிநாட்டிலிருந்து குளிர்பெட்டியில் வரும் ஆன்டிபாடிக்கும் முதல் எட்டு மாதம் போய்விடுகிறது. மிச்சமுள்ள காலத்தில் எந்தக் கிழ எலியைப் பார்த்து எந்த முடிவுக்கு வருவது? இந்தப் பணியிடத்தைக் குறைந்தது ஐந்து வருடமாக்கி, மாதா மாதம் முதல் தேதியில் பணம் போட்டு, பக்கத்தில் கை பழகிய டெக்னீஷியன் ஒருவரை நிரந்தரமாக வையுங்கள் என்று உரியவர்களை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற வருடம் தங்கை மகளின் குழு நோயாளிகளின் ரத்தமும் மலமும் சேகரித்தது. என் வீட்டுக்காரரும் கொடுத்தார். அப்போது கொடுத்த தமிழ் ஒப்புதல் படிவத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. "குடல்சார் நோயெதிர்ப்பியல் அளவுருக்கள் மதிப்பீடு செய்யப்படும்" என்று ஒரு வரி. எழுதப் படிக்கத் தெரிந்த தையல்காரருக்கே புரியவில்லை என்றால் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? "உங்கள் குடலில் காவல் காக்கும் செல்கள் எத்தனை, எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்ப்போம். இதனால் உங்களுக்கு இப்போது குணமாகாது. பின்னால் வருபவர்களுக்கு உதவலாம்" என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, நடுங்கும் கையால் தானே கையெழுத்துப் போட்டார். கட்டை விரல் வைக்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டார்.

வரிப்பணம் என்று கேட்ட வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரை எழுந்து நடக்க வைக்கும் லெவோடோபா, நம் வேலியில் படரும் பூனைக்காலி விதையிலும் இருக்கிறது. 1937இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அதை அந்த விதையிலிருந்து பிரித்தெடுத்து எழுதினார்கள். அப்போது அது எந்த நோய்க்கு மருந்து என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. கால் நூற்றாண்டு கழித்து, 1961இல்தான் வியன்னாவில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள், படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலி விதையை அரைத்துக் குடிக்க வேண்டாம். அளவு தெரியாமல் எடுத்தால் ஆபத்து, மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து.) 1937இல் யாராவது, விதையை அரைப்பதற்கா பணம் என்று கேட்டு அந்த இருவரையும் நிறுத்தியிருக்கலாம்.

இப்போது "குடலைச் சுத்தம் செய்தால் மூளை நோய் குணமாகும்" என்று பொடி விற்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒருவர் 4,000 ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார். குடல் செல்களைப் பற்றி இதுவரை தெரிந்ததில் எதுவும் அந்தப் பொடிக்கு ஆதாரம் ஆகாது. இருக்கும் மருந்தைச் சரியாகச் சாப்பிடுவதில் குடலுக்கு ஒரு பங்கு உண்டு, அது மட்டும் எனக்கு அனுபவத்தில் தெரியும். லெவோடோபாவும் பருப்பு, முட்டை, பாலில் உள்ள புரதமும் குடலில் ஒரே வாசலில் நுழையப் போட்டி போடுகின்றன. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு மாத்திரை என்று எங்கள் டாக்டர் நேரத்தை மாற்றிக் கொடுத்த பிறகுதான் காலையில் அவரால் தானே சட்டைப் பொத்தானைப் போட முடிகிறது. உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த நேரம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கடைசியாக, மருத்துவமனைகளின் பேத்தாலஜி பிரிவுகளில் இன்று இருப்பவர்களுக்கு. உங்கள் அலமாரியில் குடல் பிளாக்குகள் கிடக்கும். குடல்வால், பெருங்குடல் பயாப்சி, குடல் புண் ஆபரேஷன் துண்டுகள். பதிவேட்டில் பெயரும் வயதும் வருடமும் இருக்கும். அவர்களில் சிலருக்கு இன்று கை நடுங்கிக்கொண்டிருக்கும், சிலர் பிள்ளைகளின் பெயரை மறந்துகொண்டிருப்பார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு அந்த பிளாக்கையும் இந்த நோயாளியையும் சேர்த்துப் பார்க்க ஒரு நாள் யாராவது வருவார்கள். கட்டடம் மாறும்போது, வெள்ளை அடிக்கும்போது, இடம் இல்லை என்று மேலிடத்திலிருந்து சொல்லும்போது, அந்தச் சாக்கைக் கட்டாதீர்கள். நான் கட்டினேன்.

எந்த வருடத்து பிளாக் எந்த அலமாரியில், எந்த நம்பர் வரிசையில் இருக்கும், சீட்டு கழன்றிருந்தால் எதை வைத்து அடையாளம் காண்பது என்பதெல்லாம் என்னைப் போல ஓய்வுபெற்ற டெக்னீஷியன்களுக்கு இன்னும் மறக்கவில்லை. அடுக்கிக் கொடுக்கக் கூப்பிட்டால் சம்பளம் இல்லாமலேயே வருகிறோம். இந்த ஊரில் மட்டும் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம், பேசி வைத்துவிட்டேன். பதினொரு மணி மாத்திரை கொடுக்க மட்டும் நான் வீட்டில் இருக்க வேண்டும். அதன் பிறகு எந்த நேரமும் வரலாம்.

என் பெயரை வெளியிட வேண்டாம். அவருக்குப் பிடிக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
மதுரை.